ஆறு வாரம்

அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அந்த இளம் பெண் அதிகாரி காபி வேண்டாம் என்றாள். விசாரணைக்கு வருபவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்று நோரீனுக்குத் தெரியும். இந்தக் கடற்படை ஊரில் பாதி வீட்டு வாசலை அவர்கள் மிதித்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக் கஸ்ஸிடம் நோரீனின் கணவனைப் பற்றிக் காலையிலேயே கேட்டாகிவிட்டது. அவர் வேலியோரம் வந்து சொன்னார்: "குடிச்சா புல்லு வெட்டுற மெஷின்கிட்ட நியாயம் பேசுவான், அதெல்லாம் பழைய கதைன்னு சொன்னேன். பொய்யில்லையே, நோரீன்?"

அவள் கணவன் ரஸ்ஸல், நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுது பார்த்தவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்டபோது, ரகசிய வேலைகளுக்கு அரசு தரும் பாதுகாப்பு அனுமதி போனது. அது இல்லாமல் கடற்படைத் தளத்துக்குள் கால் வைக்க முடியாது. அந்த அவமானத்தில் வீட்டையும் விட்டுப் போனான். இப்போது குடியை விட்டு இரண்டு வருடம். அனுமதிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறான்; அதற்குத்தான் இந்த விசாரணை. ஞாயிறுதோறும் வந்து மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளை அள்ளுவான். உள்ளே வரச் சொன்னால், "வேலை கிடைக்கட்டும், பெட்டியோடவே வர்றேன்" என்பான். அவன் தலையணைக்கு அவள் இன்னும் உறை மாற்றுகிறாள்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினாள்.

"குடிக்காக எங்கயாவது சிகிச்சைக்குப் போனாராம்மா?"

நோரீன் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். ரஸ்ஸல் யாரும் சொல்லாமல் தானாகவே போனான். அது அவனுக்கு நல்லதுதான். ஆனால் சிகிச்சை என்று எழுதினாலே அனுமதி போய்விடும் என்று பயந்து, இந்த ஊர் ஆண்கள் படிவத்தில் மறைத்துவிடுவார்கள். குடித்ததைப் பொறுப்பவர்கள் மறைத்ததைப் பொறுப்பதில்லை. ரஸ்ஸல் என்ன எழுதினான்? கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பானோ என்று அவள் கேட்டதே இல்லை. மறைத்திருந்தால் அவளுடைய உண்மை அவனைக் கவிழ்க்கும். எழுதியிருந்தால் அவளுடைய பொய் கவிழ்க்கும்.

"போனாரு. ஆறு வாரம். நான்தான் கார்ல கொண்டுபோய் விட்டேன். இறங்குற வரைக்கும் என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு."

அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவரும் இதை எழுதியிருக்காரா?" என்று நோரீன் கேட்டாள்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

அதிகாரி போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். உடனே கிளம்பவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. நிறுத்த மறந்த வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பியது. ஜன்னலோரம் நின்ற நோரீனுக்கு, அதன் இடைவெளியில், அசைகிற பேனா மட்டும் தெரிந்தது.