முப்பத்தொரு தடவை திறந்த கதவு

அவளைப் புற்றுநோய் ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவளின் படிப்பு வீணாகிறதே என்று இரக்கப்பட்டு, ஆய்வகத்தை நடத்தும் மேடத்திடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டே வருடத்தில் மாமியார், "சின்னவ கை பட்டா செல்லுகூட சொன்ன பேச்சு கேக்குமாம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்து வருடமாக அதே வேலையைச் செய்யும் என் கை அவர் கண்ணில் பட்டதேயில்லை.

வேலை இதுதான். கண்ணாடி போலத் தெளிந்த, விரல் நீள ரப்பர் துண்டு; அதைத்தான் சிப் என்கிறோம். உள்ளே முடி கனத்தில் இரண்டு வாய்க்கால், நடுவே மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் மார்பகக் கட்டியின் செல்கள், மறுபக்கம் எலும்புச் செல்கள். ரத்தம் மாதிரி சத்துநீர் ஓடிக்கொண்டே இருக்கும். புற்றுநோய் எந்த வழியாக எலும்புக்குத் தாவுகிறது என்று நேரில் பார்க்கலாம். ஆனால் ஒரு காற்றுக் குமிழி புகுந்தால் போதும், செல்களை உரித்துக்கொண்டு போய்விடும்.

இந்த முறை வந்தது ஒரே ஒரு அம்மாவின் கட்டி, சுண்டுவிரல் நகமளவு. மேடம் அதை எங்களுக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்.

"பதினாலு நாள் யாரோட சிப் தாங்குதோ, அவங்க பேருதான் கட்டுரையில முதல்ல."

செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரில் கைக்கு எட்டும் கதவோரத்தை, மூத்தவள் என்ற உரிமையில் நான் எடுத்துக்கொண்டேன். அவள் தன்னுடையதைப் பின்சுவரோரம் வைத்தாள்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுடையதில் குமிழி வந்துவிட்டதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறப்பேன், என் சிப்பை வெளியே இழுப்பேன், டார்ச் அடித்து அவளுடையதைப் பார்ப்பேன். பளிங்கு மாதிரி இருக்கும். வயிறு பற்றி எரியும். ஒருநாள் திரும்பினால் அவள் வாசலில் நின்றிருந்தாள். "என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

ஒன்பதாம் நாள் என் சிப்பில் குமிழி. பதினொன்றாம் நாள் எல்லாம் செத்துவிட்டது. அந்த அம்மாவின் கட்டியில் பாதி குப்பைக்குப் போனது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளையும் வைத்துக்கொண்டே மேடத்திடம் சொன்னேன்.

"யாரோ வேணும்னே கெடுத்திருக்காங்க மேடம். கதவு எப்பெப்ப திறந்துச்சுன்னு மெஷின்ல இருக்கும், எடுத்துப் பாருங்க."

மேடம் எடுத்துப் பார்த்தார். "ஒரே நாள்ல முப்பத்தோரு தடவை. இப்படிக் குளிர்ந்து குளிர்ந்து சூடானா குமிழி வராம என்ன செய்யும்? முன்னால இருந்ததுதான் மாட்டியிருக்கு. யாரு திறந்தது?"

அத்தனை தடவை என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"நான்தான் மேடம்," என்றாள் அவள். "என்னோடது எப்படி இருக்குன்னு பயத்துல பாத்துட்டே இருந்தேன். தப்புதான்."

மேடம் அவளை உரித்தெடுத்துவிட்டார். கடைசியில், "பெரியவங்க மேல தப்பில்ல. முதல் பேரு அவங்களுக்கே," என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் தலைகுனிந்து நின்ற அழகைப் பார்த்தேன். நாளைக்கு உண்மை வீட்டுக்குத் தெரிந்தால் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார், சின்னவ மனசு யாருக்கு வரும் என்று. சிப்பும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கா? என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொல்றா மேடம்," என்றேன். "முப்பத்தோரு தடவையும் திறந்தது நான்தான். முதல் பேரை அவளுக்கே போடுங்க."

அவள் நிமிர்ந்து என்னை முறைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை முறைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.