அங்கே யாரும் எதையும் தேடவில்லை

என் கணவர் செத்துப் பிழைத்து வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நாற்காலி போதவில்லை. சாயங்காலமானால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது தெருமுனை பேக்கரிக்காரர் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம், கைகளைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் என்னவர். குளித்து, தலை சீவி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். காலையில் நான் எடுத்து வைத்துவிட்டுப் போன மாத்திரைகள் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தபடியே கிடந்தன.

"அடையாளம் சொல்லுங்க," என்றார் என்னவர்.

"நல்ல உயரம். வலது கட்டைவிரல்ல கத்தி பட்ட தழும்பு இருக்கும்." பேக்கரிக்காரரின் மனைவி இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. "சிரிச்சா வாயை மூடிக்குவா."

"எந்தக் கையால?"

"இடது கையால."

என்னவர் கண்ணை மூடி யோசித்தார். நான் கைப்பையை வேண்டுமென்றே சத்தம் வரும்படி அலமாரி மேல் வைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லீங்க, நான் பாக்கல," என்றார் கடைசியில். "ஆனா அங்க இடம் ரொம்பப் பெருசு. நான் நின்னது ஒரு ஓரம்தான்."

பேக்கரிக்காரர் அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த அடையாளம் கேட்கிற பழக்கம் அவருடைய உத்தியோகத்தோடு வந்தது. பேருந்து நிலையத்தில், பயணிகள் தொலைத்துவிட்டுப் போகிற பொருட்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்டர் அவருடையது. மழைக்காலம் முடிந்தால் அலமாரி முழுக்கக் குடையாகத்தான் இருக்கும் என்பதால் நிலையத்தில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். பொருளை முதலில் கண்ணில் காட்டவே கூடாது, தேடி வந்தவர் வாயால் அடையாளம் வர வேண்டும், ஒன்று ஒத்துவராவிட்டாலும் "இல்லீங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். கல்யாணமான புதிதில் என் மூக்குக்கண்ணாடியைத் தேடியபோதுகூட என்ன நிறம், எந்தப் பக்கம் கீறல் என்று கேட்டுவிட்டுத்தான் அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அதே கவுன்டரில்தான், ஒருவருக்குக் குடையை நீட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு இதயம் நின்றேவிட்டது. அமுக்கி, மின்சாரம் வைத்து, எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தபோது நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு, "எதுக்கு எழுப்பினீங்க?" என்பது. மருந்து மயக்கம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். மயக்கம் தெளிந்தும் அதையேதான் கேட்டார்.

அவர் பார்த்தது ஒரு நீளமான கவுன்டராம். முடிவே தெரியாத அலமாரிகளாம். உலகத்தில் யார் யார் எதைத் தொலைத்தார்களோ அத்தனையும் தூசி இல்லாமல் அடுக்கியிருந்ததாம்.

"செத்தும் ஆபீசுக்குத்தானா போயிருக்கீங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அங்க நிறைய பேர் நின்னாங்கம்மா. ஒருத்தர்கூட எதையும் தேடல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த அமைதியை எங்கள் கல்யாணத்திலிருந்து இதுவரை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புளுகுகிறவராக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்து இந்தக் கூட்டத்தை என்றைக்கோ கலைத்திருப்பேன். இவரோ பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருவரிடமும் சொல்வதில்லை. மேலுலகத்தோடும் எனக்குத் தகராறு கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டுமானால் இரண்டு இருக்கட்டும். ஆனால் இவருடைய இதயம் மறுபடி நிற்கலாம் என்கிறார் டாக்டர். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்துவிட்டால், நிற்கும்போது அதுவே தட்டி ஓட வைக்குமாம். இவர் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"ஒரு தடவை தப்பா திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் எதுக்கு?" என்றார் டாக்டரிடமே, நான் பக்கத்தில் இருக்கும்போதே. என்னோடு குடும்பம் நடத்துவது விலாசம் தப்பி வந்த இடம் போலிருக்கிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். முன்பெல்லாம் நான் ஓட்டினாலே இவர் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கால் தரையை அழுத்த, வழி முழுக்க "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்குவார். போன வாரம் மருந்துக்கடை வாசலில், வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனான். இவர் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஏன் பதறுறே?" என்று கேட்டார். நடுத்தெருவில் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னால், "அப்பா நிம்மதியா இருக்காருல்ல, விடேம்மா," என்கிறாள். யாரை விடுவது?

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்திருந்தது. நாளைக் காலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால், கருவி வைக்க இவருக்கு ஒதுக்கிய இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். பேக்கரிக்காரர் எழுந்து போனதும் சொன்னேன்.

"யாருக்காவது குடுக்கட்டுமே, பாவம்," என்றார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "மாடி வீட்டம்மா அவங்க அண்ணனைப் பத்திக் கேக்கணும்னாங்க. வரச் சொல்லு."

மாடி வீட்டம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்க, உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க இருக்காங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா?" என்றார்.

"எனக்கும் ஒண்ணு தொலைஞ்சிருக்கு."

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். "சொல்லுங்க," என்றார். பழக்கத்தில் வந்த மரியாதையா, என்னைக் கிண்டல் செய்கிறாரா, தெரியவில்லை.

"ஆள்."

"எங்க தொலைச்சீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"அடையாளம்?"

"பயந்தாங்கொள்ளி," என்றேன். "இடி இடிச்சா ஜன்னலை நான்தான் சாத்தணும். பொண்ணு பொறந்தப்ப கீழ போட்டுடுவேனோன்னு ரொம்ப நாள் கையில வாங்கவே இல்ல. தூங்குறப்ப தொட்டில் பக்கத்துல போய் நின்னுக்குவாரு."

"வேற அடையாளம்?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை, போயும் போயும் கவுன்டரில் வந்து நிற்பவள் மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

"ராத்திரி முழிப்பு வந்தா, நான் மூச்சு விடுறேனான்னு மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாப்பாரு. நான் தூங்குறேன்னு நெனைச்சுக்குவாரு. முழிச்சுட்டுத்தான் இருப்பேன். ஒரு நாளும் சொன்னதில்ல."

வெளியே மாடி வீட்டம்மா இருமினார். கதவில் லேசாகத் தட்டி, "நான் வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் முடியலைங்க," என்றேன், தலையைத் திருப்பாமல்.

என்னவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. "இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் போல உதடு பிரிந்தது. வலது கை மேசையிலிருந்து எழும்பியது. மாத்திரைகளைத் தாண்டி வந்தது. ஆள்காட்டி விரல் என் மூக்குக்கு அடியில் வந்து நின்றது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.