அக்காவுக்கு அடிச்சாச்சு

என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று ஊரே சொன்னது. அண்ணன் சொன்னான், மாமியார் சொன்னார், எதிர்வீட்டு டெய்லர்கூடச் சொன்னார். ஊருக்கென்ன, அடி வாங்கியது ஊரா? பெல்ட் தடம் பதிந்தது என் பெரிய மகளின் முதுகில். அன்றைக்கே அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். தன் தம்பி வீட்டில் தங்கி, குடியை விட்டு, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தார். ஆளாளுக்குப் பேசி என் மனதைக் கரைத்துவிட்டார்கள். போன வாரம்தான் மறுபடி உள்ளே விட்டேன்.

இன்றைக்குப் பள்ளி விடுமுறை, அவருக்கும் வேலை இல்லை. முதல் தடவையாகப் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, சட்டை தைக்கும் கம்பெனிக்கு வந்தேன். வந்ததிலிருந்து மனம் வேலையில் ஓடவில்லை. வைத்த பொத்தானையே பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. வேலை நேரத்தில் போனை எடுத்தால் சூப்பர்வைசர் முகம் கோணும். கோணட்டும் என்று எடுத்தேன். சின்னவள்தான் பேசினாள்.

"அம்மா, அப்பா அடிக்கிறாரு. அக்காவுக்கு அடிச்சாச்சு. அடுத்து எனக்கு."

பின்னால் 'உஸ்... உஸ்...' என்று ஒரு சத்தம். பெல்ட் வீசும் சத்தம் எனக்குத் தெரியாதா? அக்காவிடம் போனைக் கொடு என்று கத்தினேன். கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

எங்கே போகிறாய் என்று சூப்பர்வைசர் வழிமறித்தார். நான் சொன்ன பதிலுக்கு நாளை வேலை இருக்குமா தெரியாது. ஆட்டோவில் ஏறினேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஆட்டோக்காரர் கேட்டார். பாவம், வாயை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னேன். நானே கதவைத் திறந்து உள்ளே விட்டேனே, நானே விட்டேனே என்று அதுவே மண்டைக்குள் ஓடியது.

தெருமுனையில் இறங்கி ஓடினேன். எங்கள் வாசலில் அவர் குனிந்து நின்றார். இரண்டு கைகளும் மேலே போய்க் கீழே இறங்கின. பெரியவளைக் காணோம்.

இன்னும் நெருங்கிய பிறகுதான் அவர் கையில் பம்ப் தெரிந்தது. கீழே சின்னவளின் சைக்கிள். அவளோ டயரை அமுக்கிப் பார்த்து, "எனக்கும் அடிச்சாச்சும்மா" என்று குதித்தாள். சக்கரத்தின் மறுபக்கத்தில் பெரியவள் குந்தியிருந்தாள். சைக்கிளுக்குக் காற்று அடிப்பதற்கும் 'அடி' என்றுதானே சொல்லித் தொலைக்கிறோம்! போன உயிர் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று கேட்டார். தலைவலி என்று பொய் சொன்னேன். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கோபமே இல்லாமல் சிரித்தார்.

"அடிக்க அடிக்க எறங்குது. வால்வு டியூப் போயிருச்சு போல. காலையிலேர்ந்து ரெண்டு சைக்கிளுக்கும் மாத்தி மாத்தி இதே பொழப்பாப் போச்சு."

மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது பெரியவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனாள். அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"டியூப்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் காத்தப் பிடுங்கி விடறேன்" என்று காதில் சொன்னாள்.

"ஏண்டி?"

"வாசல்ல இருந்தா தெருவுல எல்லாரும் பாக்குறாங்கல்ல. உள்ள போனா யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் என் கையை விடவே இல்லை.

அவர் பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, போதும், உள்ளே போகலாமா என்று கேட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து, பெரியவளையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன்.

"இருங்க, இன்னும் கொஞ்சம் அடிங்க" என்றேன்.