மாடி ஜன்னலுக்கு வராத அனுமதி

உப்பள வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வரும்வரை பிச்சம்மாள் தினமும் தலைமையாசிரியர் வீட்டுச் சுவரோரம்தான் உட்கார்ந்திருப்பாள். முத்தையாபுரத்தின் அந்தத் தெருமுனையில் காற்றுக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது. அவள் தலைக்கு நேர் மேலே, உப்புக்காற்றும் கரையானும் தின்று முடித்த மாடி ஜன்னல் நைலான் கயிற்றின் தயவில் நின்றுகொண்டிருந்தது.

புது ஜன்னல் வாங்காமல் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவபிரசாதம் வாங்கிவந்த ஜன்னல் முன்னறையில் சாய்ந்து கிடந்தது. அவர் மனைவி ஜீவமணி அதன்மேல் துண்டு காயப்போடுவார்.

அந்தத் தெருவில் கொத்தனார் உளியைத் தொடுமுன் கேட்பது ஒன்றுதான்: “செந்தூர்வேல் அண்ணாச்சிட்ட சொல்லிட்டீங்களா?” சொல்வது என்றால் வாயால் சொல்வதல்ல, கையில் பணம் வைப்பது. செந்தூர்வேலுக்கு எந்தப் பதவியும் இல்லை. பைக்கில் ஒரு கட்சிக்கொடி இருந்தது, அதற்கே ஊர் பயந்தது.

“ஜன்னல மாத்த பிளான் அப்ரூவல் வேணும் சார். எங்கிட்ட சொல்லிட்டா நாளைக்கே மாத்திரலாம். இல்லன்னா ஃபைலு மேல போயி வரணும்லா” என்றான் அவன்.

“லஞ்சம் தரமாட்டேன். முறைப்படி வரட்டும், காத்திருக்கேன்” என்றார் தேவபிரசாதம்.

இதை ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் மாநகராட்சி அலுவலகப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லாத ஃபைலுக்காக நேர்மையாகக் காத்திருந்தார்.

ஆடிக்காற்று தொடங்கியது. ஜீவமணி மாடிக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏங்க, அந்தப் பொம்பள தெனமும் கீழதான் உக்காருதா. ஆபீஸுக்கு ஒரு எட்டு போயி கேட்டுட்டு வாங்களேன்.”

“அனுமதி வந்தா அவனே வந்து சொல்லுவான்” என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு கயிற்றைக் கட்டினார்.

கயிறு அறவில்லை. கயிறு கட்டியிருந்த சட்டமே ஒருநாள் கம்பிகளோடு பெயர்ந்து விழுந்தது. வேன் வந்தபோது பிச்சம்மாளுக்கு உயிர் இல்லை. சாப்பாட்டுத் தூக்கு அவள் கையிலேயே இருந்தது. எழுதவே மனம் கூசுகிறது.

ஜன்னலை ஏன் மாற்றவில்லை என்று போலீஸ் கேட்டது. அனுமதிக்குத்தான் காத்திருந்தேன் என்று காட்ட ஒரு சான்று வாங்க, தேவபிரசாதம் முதன்முறையாக அலுவலகப் படியேறினார். அங்கிருந்த இன்ஜினியர் உமாராணி அவரை வியப்போடு பார்த்தார்.

“அதே இடத்துல, அதே அளவுல பழசை எடுத்துட்டுப் புதுசு மாட்டுறதுக்கு எதுக்கு சார் அனுமதி? சுவரை இடிச்சுப் பெருசாக்குனாத்தான் எங்ககிட்ட வரணும்.”

அங்கிருந்து நேராகப் பிச்சம்மாள் வீட்டுக்குப் போனார். மகள் பானுப்ரியா வாசலுக்கு வந்தாள்.

“ஆபீஸ்ல என்ன சார் சொன்னாவ?”

“அனுமதியே வேண்டாமாம்மா.”

அவள் அழவில்லை. “இதப் போயிக் கேக்கதுக்கு எங்கம்மா சாவணுமா சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பினார்.

வழக்கு நடக்கிறது. செந்தூர்வேலின் பைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது தெருவில் எந்த வீட்டிலாவது கொத்தனார் “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டால், தேவபிரசாதம் கூப்பிடாமலேயே போய் நிற்கிறார்.

“அவன்ட்ட சொல்லாண்டாம். வாங்க, ஆபீஸ்ல போயிக் கேப்போம். லஞ்சம் கொடுக்காம இருந்தா மட்டும் நேர்மை ஆயிராது. சட்டம் என்னன்னு நாமளே போயிக் கேக்கணும். நான் கேக்கல. ஒரு உசுரு போயிட்டுது.”