காற்றுக் குறைந்த நாளுக்கான பட்டம்

கட்டாரிலிருந்து றுஸ்தியைக் கொண்டுவந்தபோது அவனுடைய சாமான்களோடு ஒரு நீளப் பையும் வந்தது. அவன் மனைவி இன்ஷிரா அதைத் திறந்து பார்க்காமலேயே அலுமாரியின் மேல் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு நிறைய இருந்தன.

றுஸ்தி அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். ஒரு சுற்றுவட்டத்தில் பின்னால் வந்த கார் அடித்ததில் முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று அங்குள்ள டாக்டர்மாரும் சொன்னார்கள், இங்குள்ள டாக்டர்மாரும் சொன்னார்கள். அவனுக்கு வயது முப்பத்துநாலு. காத்தான்குடியில், ஆற்றங்கரைப் பக்கமாக இருந்த வீட்டின் முன்னறையில் இன்ஷிராவின் தையல் மெஷின் ஒரு மூலையிலும் அவனுடைய சக்கர நாற்காலி ஜன்னலடியிலும் இருந்தன. அவள் ஹபாயா அங்கிகள் தைத்தாள். அவன் போனைப் பார்த்தான். வெளியே போவதென்றால் கிளினிக்குக்கு மட்டும். முதலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தான். பள்ளிவாசல் படியில் நாலு பேர் தூக்கி வைப்பது வெட்கமாக இருக்கிறதென்று அதையும் விட்டுவிட்டான்.

அவனைப் பார்க்கத் தவறாமல் வந்த ஒரே ஆள் மதுரன். கட்டாரில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். மதுரன் ஊருக்குத் திரும்பி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் தகப்பனின் வயலைச் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வருவான். ஆவணி மாதத்தில் ஒருநாள் வந்தவன், தண்ணீர் குடிக்க அண்ணாந்தபோது அலுமாரியின் மேலிருந்த பையைக் கண்டுகொண்டான்.

"மச்சான், இது ரமோன் தந்த பட்டந்தானே?"

"கிடக்கட்டும் விடு" என்றான் றுஸ்தி.

ரமோன் அவர்களோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரன். வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையில் பட்டம் விடுவான். ஏற்றிக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் பட்டம் இல்லை. அதற்கு இரண்டு நூல், இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி. வலதை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடப்பக்கம். வட்டமடிக்கும், தலைகீழாகப் பாயும், மணலுக்கு ஒரு சாண் மேலே கோடு போட்டதுபோல் ஓடும். றுஸ்தி அதைப் பழகினான். பலத்த காற்றுக்கென்று ஒரு பட்டம் வைத்திருந்தான், அது போன இடம் தெரியவில்லை. பையில் இருந்தது இன்னொன்று, ரமோன் நாட்டுக்குப் போகும்போது கொடுத்தது.

"அது காத்துக் கொறஞ்ச நாளைக்கெண்டு செஞ்ச பட்டம் மச்சான். காத்து இல்லாட்டி நாமதான் காத்த உண்டாக்கோணும். பின்னால பின்னால நடந்துட்டே இரிக்கோணும். நான் எங்க நடக்கிற?" என்றான் றுஸ்தி.

மெஷினில் இருந்த இன்ஷிரா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"பின்னால போறதுதானே வேணும்? வீல்செயார் பின்னால போகாதா?"

றுஸ்தி அவளை முறைத்தான். மதுரன் சிரித்தான். தங்கள் வயல் வட்டைக்கு நடுவால் புதிதாகத் தார் ஊற்றிக் காபட் வீதி போட்டிருக்கிறது, அறுவடை முடிந்ததால் இரண்டு பக்கமும் வெறும் நெல் ஒட்டுத்தாள், வீதியோரம் கரண்ட் கம்பிகூட இல்லை என்றான். கடற்கரை மணலில் நாற்காலி புதையும், அங்கே புதையாது. பின்னேரம் என்றால் மாடும் உழவு மெஷினும் போகும். காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. காற்றும் குறைவுதான்.

றுஸ்தி ஏலாது என்றான். மதுரன் போகும்போது மறுபடியும் ஏலாது என்றான். சனிக்கிழமை பின்னேரம் இன்ஷிராவைக் கூப்பிட்டு, "அந்தப் பைய ஒருக்கா எடு புள்ள, நூல எலி தின்டிரிக்கும்" என்றான். எலி தின்றிருக்கவில்லை.

ஞாயிறு காலை மதுரன் சின்ன லொறியோடு வந்தான். மண்முனைப் பாலத்தைத் தாண்டும்போது றுஸ்தி வெளியே பார்க்காமல் மடியில் இருந்த பையையே பிடித்துக்கொண்டிருந்தான்.

வீதி மதுரன் சொன்னதுபோலவே இருந்தது. கறுப்பாக, நேராக, வழுவழுப்பாக வடக்குத் தெற்காகக் கிடந்தது. தெற்கிலிருந்து ஏதோ வந்துகொண்டிருந்தது. காற்று என்று சொல்ல முடியாது, வரம்பிலிருந்த புல்லின் நுனி மட்டும் ஆடியது. மதுரன் நூல்களை வடக்கே விரித்து, பட்டத்தை அந்தத் தலைப்பில் நிமிர்த்திப் பிடித்தான். றுஸ்தி இரண்டு பிடிகளையும் வாங்கிக்கொண்டான். இன்ஷிரா நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்தாள்.

முதல் முறை பட்டம் ஒரு ஆள் உயரம் எழும்பி விழுந்தது. இரண்டாம் முறை இன்ஷிரா தன்னுடைய ஹபாயாவின் ஓரத்தை மிதித்துத் தடுமாறினாள். மூன்றாம் முறை முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. கிழவர் ஒருவர் பயந்துபோய் வரம்பில் இறங்கி நின்றார்.

"இப்படிச் சரிவராது" என்று அவள் திரும்பி நின்றாள். நாற்காலியின் கைப்பிடிகளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி முன்னே குனிந்து நடந்தாள். இப்போது கால் தடுக்கவில்லை. வேகமும் வந்தது.

"ஏறுது!" பின்னாலிருந்து றுஸ்தி கத்தினான். "நிக்காத புள்ள, நிக்காத!"

அவள் நிற்கவில்லை. மூச்சு வாங்க வாங்கப் போனாள். முதுகுக்குப் பின்னால் அவன் ரமோனோடு பேசும் உடைந்த இங்கிலீசில் பட்டத்தைத் திட்டுவதும், கெஞ்சுவதும், பிறகு "ஆ, அப்படி, அப்படி" என்பதும் கேட்டது. ஊருக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனார்கள். றுஸ்தியின் கை படிந்துகொண்டு வந்தது. மெல்லிய காற்றில் வெடுக்கென்று இழுத்தால் பட்டம் செத்துப்போகும் என்று கண்டுகொண்டான். இழுப்பதையும் விடுவதையும் பஞ்சைத் தொடுவதுபோல் செய்ய வேண்டும். கொஞ்சம் காற்று வந்தால் அதை வீணாக்காமல் நாற்காலியை முன்னே தள்ளி, விட்ட தூரத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அதற்கெல்லாம் அவன் கட்டளை கொடுத்தான்.

"இழு. மெதுவா. இப்ப நில்லு. முன்னுக்குத் தள்ளு, தள்ளு! போதும். இழு."

இன்ஷிரா இழுத்தாள், நின்றாள், தள்ளினாள். தள்ளும்போதும் அவனுடைய தலையும் வீதியில் கிடக்கும் கல்லுமே கண்ணில் பட்டன. திங்கட்கிழமைகளில் தோள் வலித்தது. மெஷினில் குனிந்தால் முதுகு பிடித்தது.

ஒரு ஞாயிறு மதுரன் போனில் வீடியோ எடுத்தான். திரும்பி வரும்போது லொறியில் றுஸ்தி அதை அவளிடம் காட்டினான். வீடியோவில் வானம் இருந்தது, பட்டம் இருந்தது, கடைசியில் சிரித்துக்கொண்டிருக்கும் றுஸ்தியின் முகம் இருந்தது. பட்டம் நீலமும் வெள்ளையுமாக, அவள் நினைத்திருந்ததைவிட அகலமாக இருந்தது. றுஸ்தி அதைக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வந்து குவிந்தது. நாற்காலி எப்படி ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பட்டம் உயரத்தில் நிற்கும்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. இன்ஷிரா நின்றுவிட்டாள். பின்னால் சடாரென்ற சத்தம் கேட்டது.

"ஏன் நிண்ட நீ?" என்று றுஸ்தி கத்தினான். "நல்லா நிண்ட பட்டம்! விழுத்திட்டியே!"

அவள் கைப்பிடிகளை விட்டாள்.

"விழுந்தது எனக்கெப்படித் தெரியும்? நான் பட்டத்தக் கண்டாத்தானே?"

"என்ன கதைக்கிறாய்?"

"மெய்யத்தான் கதைக்கிறன். இத்தின ஞாயிறு மாடு மாதிரி இழுக்கிறன். அது மேல எப்படி நிக்கிதெண்டு ஒரு நாள் நான் பாக்கல்ல."

"அதான் வீடியோவில காட்டினன்தானே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனேயே றுஸ்திக்குத் தெரிந்தது. இன்ஷிரா போய் மதகுக் கட்டில் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதுரன் பட்டத்தடிக்குப் போனவன், சிக்கு எடுப்பதுபோல் அங்கேயே நின்றுகொண்டான். நூலில் சிக்கு இருக்கவில்லை.

பிறகு சக்கரச் சத்தம் கேட்டது. றுஸ்தி தன் கையாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பிடிகள் இரண்டும் மடியில் இருந்தன. நூல் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது.

"இந்தா. நீ விடு. நான் பாத்துட்டிருக்கன்."

"எனக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும் இந்தக் காத்துக்குத் தெரிஞ்சா வந்தன்? விழுந்தா விழுந்ததுதான். ஒழும்பு."

விழுந்தது. பல முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் றுஸ்தி வலது என்றான், இடது என்றான், மணிக்கட்டு என்றான், முழங்கை என்றான். கடைசியில் அவள், "கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க" என்றாள். மதுரன் அந்தத் தலைப்பில் நின்று சத்தமில்லாமல் சிரித்தான்.

றுஸ்தி வாயை மூடியதும் அவளுக்கு விரலில் நூலின் இழுவை தெரிந்தது. மெஷினில் நூல் இறுக்கமாக இருந்தால் துணி சுருங்கும், தளர்ந்திருந்தால் தையல் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும். அதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஒரு பிடியோடு சேர்த்து ஹபாயாவின் ஓரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பட்டம் அசைந்தது, தயங்கியது, ஏறியது.

ஒட்டுத்தாளில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கூட்டமாக எழும்பின. பட்டம் அவற்றுக்கு மேலே அகலமாக, சத்தமில்லாமல், மிக மெதுவாக வந்தது. இவ்வளவு மெதுவாக அது பறக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. வலக் கையைக் கொஞ்சம் இழுத்தாள், திரும்பியது. இடக் கையை இழுத்தாள், அதே போல் இந்தப் பக்கம் வந்தது. அவள் சொன்னதைக் கேட்டு இந்த உலகத்தில் ஒன்று அப்படித் திரும்புவது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தாள்.

றுஸ்தி மதகடியில் இருந்து பார்த்தான். அவள் சிறிதாகிக்கொண்டே போனாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், சந்தோஷம் வரவும் செய்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அந்தப் பட்டம் அவன் இல்லாமலும் ஏறுகிறது. அதுவும் அவன் கையில் ஏறியதைவிட லேசாக ஏறுகிறது. அவளுக்குக் கால் இருக்கிறது.

அந்தக் கிழமை முழுவதும் பட்டத்தைப் பற்றிப் பேச்சில்லை. ஞாயிறு காலை லொறி வாசலில் நின்றபோது அவன் ஜன்னலடியை விட்டு நகரவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு ஏலாது."

இன்ஷிரா தலையில் போட்ட சோல் துணியைச் சரிசெய்துகொண்டே அவனைப் பார்த்தாள்.

"நான் தனிய மதுரன் அண்ணனோட லொறியில ஏறிப் போனா ஊர் என்ன கதைக்கும்? கதைக்கிறதுக்கு யோசிச்சுக் கதைங்க. வெளிக்கிடுங்க."

அவன் நாற்காலியை வாசலுக்கு உருட்டினான். லொறி ஆரையம்பதியைத் தாண்டியபிறகு அவன் மெதுவாகச் சொன்னான்:

"நீ விட்டதப் பாக்க எனக்குப் பொறாமையாப் போச்சு புள்ள."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு கிழமையா மூஞ்சைய அப்படி வச்சிருந்தா ஆருக்குத்தான் தெரியா?"

லொறி ஓட்டிக்கொண்டிருந்த மதுரன் வீதியையே கவனமாகப் பார்த்தான்.

அன்றைக்குக் காற்றே இல்லை. தூரத்தில் யாரோ வைக்கோல் எரித்தார்கள், புகை நேரே மேலே போனது. மதுரன் லொறியை வீதியின் தென் தலைப்பில் நிறுத்தி லைட்டைப் போட்டுவிட்டு, வருகிறவர்களை மறிப்பதற்கு அங்கேயே நின்றுகொண்டான். பின்னால் யார் வருவார்கள் என்று இனி இன்ஷிரா பார்க்க வேண்டியதில்லை. அவள் றுஸ்தியை வீதியின் நடுவில், வடக்கே பார்க்க வைத்தாள்.

"நான் ஏத்திட்டுப் பின்னால வாறன். உங்களுக்கிட்ட வந்ததும் பிடிங்க."

"பறக்கக்குள்ளயா? கை மாத்தக்குள்ள விழும்."

"விழட்டும்."

அவள் பட்டத்தைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, இந்தத் தலைப்புக்கு வந்து, இழுத்து ஏற்றினாள். போன கிழமை விழுந்து விழுந்து அது அவளுக்குப் பழகியிருந்தது. பின்னால் நடந்து நடந்து நாற்காலியடிக்கு வந்தாள். வலப்பிடி அவன் கைக்குப் போனது. இடப்பிடி போவதற்குள் பட்டம் மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடியும் ஏற்றினாள். இந்த முறை இரண்டு பிடியும் அவன் கைக்குப் போயின. ஆனால் அவள் நாற்காலிக்குப் பின்னால் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நூல் தளர்ந்து, பட்டம் இலைபோல் மிதந்து இறங்கிவிட்டது.

"நான் கையை நல்லாப் பின்னால இழுத்து வச்சிருக்கன்" என்றான் றுஸ்தி. "நீ செயாரப் பிடிக்குமட்டும் அது தாங்கும்."

அடுத்த முறை அவன் முன்னே குனிந்து கையை நீட்டி வாங்கினான். வாங்கிய உடனே மெல்ல மெல்ல மார்புவரை இழுத்து, தலைக்குப் பின்னால்வரை கொண்டுபோனான். பட்டம் நின்றது. அதற்குள் இன்ஷிரா கைப்பிடிகளைப் பற்றிவிட்டாள். இம்முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. வடக்கே பார்த்தபடியே பின்னால் நடந்தாள். அவனுடைய தலைக்கு மேலாகப் பட்டம் தெரிந்தது. அவன் கட்டளை எதுவும் கொடுக்கவில்லை. பட்டம் தாழ்ந்தால் அவளுக்கே தெரிந்தது, வேகமாக நடந்தாள். உயர்ந்தால் மெதுவானாள்.

"திருப்பட்டா?" என்று கேட்டான்.

"திருப்புங்க. இஞ்சால."

பட்டம் வயலுக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டு வந்தது.

வடக்குப் பக்கம் வைக்கோல் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வந்ததை அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கண்டார்கள். அது பட்டத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மெஷினை நிற்பாட்டிவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். றுஸ்தி பட்டத்தை வரம்போரமாகக் கொண்டுபோய் மெல்ல இறக்கினான். கிளம்புவார்கள் என்று இன்ஷிரா நாற்காலியை ஓரம் கட்டினாள். லேண்ட்மாஸ்டர் கிளம்பவில்லை.

"போங்கண்ணே, வழி விட்டாச்சு!" என்று றுஸ்தி கூப்பிட்டுச் சொன்னான்.

"அவசரமில்ல தம்பி" என்றார் அந்த மனிதர். "இன்னொருக்கா ஏத்துங்க. பாத்துட்டுப் போறம்."

இன்ஷிரா பிடிகளை றுஸ்தியின் கையிலிருந்து வாங்கி வீதியில் வைத்துவிட்டு, பட்டத்தை நிமிர்த்தி வைக்க வடக்கே நடந்தாள்.