சலவை அறையில் காய்ச்சிய கல்யாண பீர்

பீர் காய்ச்சுகிறவர் ஈஸ்ட்டைப் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாமல் போட்டால் பீர் சவசவவென்று ஆகிவிடும் என்பது எங்கள் வோஸ் கிராமப் பக்கத்து வழக்கம். அதை நான் பெர்கன் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் செய்ததுதான் குற்றமாகிப் போனது.

என் மகள் இடுனுக்குக் கல்யாணம். விருந்து என் அண்ணன் ஷூரின் பண்ணையில். பீரை நான்தான் காய்ச்சுவேன் என்றேன். அண்ணன் சிரித்தான். நான் விவாகரத்தாகி நகரத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு ஈஸ்ட்டில் ஒரு பங்கைக் காயவைத்து எடுத்துவந்திருந்தேன். அதுவே அவனுக்கு ஆகவில்லை. மாட்டோடும் டிராக்டரோடும் சேர்த்து ஈஸ்ட்டும் அவனுக்குத்தான் சொந்தமாம். அம்மா காய்ச்சும்போது அடுப்புப் புகையில் கண் எரிய நின்று கிளறியவள் நான். அவன் குடிக்க மட்டும் வருவான்.

சோப்பு நாற்றமடிக்கும் பீரை எவன் குடிப்பான் என்று கேட்டான். சரியாக வராவிட்டால் தன்னுடையதைத்தான் ஊற்றுவானாம். அதையும் பார்த்துவிடலாம் என்றேன்.

வாசனைக்கு ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளைப் போட்டு நீர் காய்ச்சினேன். அந்த நீரில் முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைத்து வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்து, சனிக்கிழமை முழுக்கக் கொதிக்கவிட்டேன். அது உடம்புச் சூட்டுக்கு இறங்குவதற்குள் ஞாயிறு விடிந்துவிட்டது. இந்த நாட்டில் ஞாயிறு என்றால் சத்தமே கூடாது, சுவரில் ஆணி அடித்தாலே பக்கத்து வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்காகக் கொப்பரையிடம் திங்கள்வரை பொறுத்துக்கொள் என்றா சொல்ல முடியும்? ஆறிப்போனால் எங்கள் ஈஸ்ட் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

வேடிக்கை பார்க்க அண்ணன் ரயிலேறி வந்திருந்தான். கூடவே வந்து நின்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஹல்வார். போன தடவை நான் கத்தியதற்கே மூன்றாம் மாடியிலிருந்து புகார் வந்ததாம்.

"காய்ச்சிக்கோங்கம்மா, வேணாங்கல. சத்தம் மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா இந்த ரூம் சாவி இனி உங்களுக்குக் கிடையாது," என்றார்.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, "அதுக்கென்ன, காதுல ரகசியம் சொல்ற மாதிரி மெதுவா கத்தட்டும்," என்றான்.

 ஈஸ்ட்டைக் கொட்டினேன். கத்தினேன். இருபது வருஷக் குடித்தனத்தில் கத்தாமல் விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். மேலே எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஹல்வார் கதவிலிருந்த சாவியை உருவிக்கொண்டார்.

இரண்டே நாளில் நுரை பொங்கி அடங்கிவிட்டது. மாடிப்படி முழுக்க எங்கள் ஈஸ்ட்டுக்கே உரிய ஆரஞ்சுப் பழ வாசனை. பீப்பாயில் ஊற்றுவதற்காக ஹல்வாரே வந்து கதவைத் திறந்துவிட்டார். ஊற்றும் நேரத்தில் யார் வந்து நின்றாலும் ஒரு கோப்பை கொடுக்காமல் அனுப்பக்கூடாது, இதுவும் வழக்கம்தான். அந்த மனிதரின் தலையில் கொட்டலாம் போல இருந்தது, கோப்பையில்தான் ஊற்றினேன். இரண்டு கோப்பை குடித்தார். சாவியைத் தரவில்லை.

பீப்பாய்களை ஏற்றிப்போக வேனோடு வந்த அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான், மீதியை ஒரே மூச்சில் முடித்தான். பிறகு கோப்பையை மறுபடி நீட்டினான்.

"ரக்னா, இனிமே நீ காய்ச்ச எங்க போவ? பண்ணைக்கு வா. கொப்பரை இருக்கு, விறகு இருக்கு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீயே காய்ச்சு. கல்யாணத்துல மட்டும் இது நம்ம பண்ணை பீர்னு நான் சொல்லிக்கறேன். அவ்வளவுதான்."

பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. அம்மாவின் கொப்பரை அது. அவன் நீட்டிய கோப்பையை நிரப்பிக் கொடுத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கல்யாண விருந்தில் கிண்ணத்திலிருந்து முதலில் பீர் காய்ச்சியவர்தான் குடிக்க வேண்டும். அப்புறம்தான் மணமக்கள், மற்றவர்கள். பண்ணைக் களஞ்சியத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. அண்ணன் எழுந்து மரக்கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினான். "எங்க பண்ணையோட பீர்," என்று ஆரம்பித்தான்.

நான் எழுந்துபோய்க் கிண்ணத்தைப் பிடித்தேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. பீர் அவன் சட்டைக் கைகளில் வழிந்தது. கடைசியில் அவன்தான் விட்டான்.

"இது பெர்கன்ல, சலவை ரூம்ல காய்ச்சினது. காய்ச்சினவ நான்," என்றேன்.

அம்மாவின் கொப்பரை இதோடு போயிற்று என்று தெரிந்தது. நான் குடித்தேன், நிதானமாக, ருசித்து. இடுனிடம் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கிண்ணம் அவனைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போனது.