வேணுகோபாலின் நாக்கு

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மளிகைக் கடை வேணுகோபாலின் நாக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. துவரம்பருப்பை வாயில் போட்டுக் கடித்தால் போதும், புதுசா பழசா, கலப்படமா என்று சொல்லிவிடுவார். மஞ்சள்தூளை நுனிநாக்கில் தொட்டுவிட்டு மூட்டையையே திருப்பி அனுப்பியவர். இந்தப் பெருமையைக் கேட்காமல் அந்தக் கடையில் கால்கிலோ சர்க்கரைகூட வாங்கிவர முடியாது.

மகள் மேகனா விஷயத்தில்தான் அந்த நாக்கு அடங்கிப்போனது. ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த பெண். போன வருஷம் ஒரு கண் மங்கியது. அப்புறம் இடது கால் இழுத்தது. காலையில் நன்றாக நடப்பாள், வெயில் ஏறினால் தள்ளாடுவாள். மார்க்கெட் சும்மா இருக்குமா? திருஷ்டி என்றார்கள். மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டுத் தூசி என்றார்கள். வீட்டுவேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று எதிர்வீட்டுப் பார்வதம்மா சொன்னதாகவும், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அதே பார்வதம்மா நாலு வீட்டில் சத்தியம் செய்ததாகவும் கேள்வி.

கடைசியில் வியாதிக்குப் பெயர் சொன்னவன் ஹேமந்த். இதே மார்க்கெட் பேக்கரிக்காரர் மகன்; இப்போது பெங்களூரில் நரம்பு டாக்டர். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றான்.

"காவலுக்கு வச்ச நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற மாதிரி அங்கிள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, நரம்பு மேல இருக்கிற உறையைக் குதறுது."

மேற்கொண்டு கடிக்காமலிருக்க ஊசி இருந்தது. குதறின உறையை வளர்க்கத்தான் ஒன்றும் இல்லை. அதற்கான மாத்திரையைத்தான் ஹேமந்த் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஆராய்ச்சியில் சேர்கிற எல்லாருக்கும் ஊசி உண்டு. அதோடு பாதிப்பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப்பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். மேகனா சம்மதித்தாள்.

வேணுகோபாலுக்குத் தூக்கம் போயிற்று. மூட்டைக்குள் இருப்பது இன்னதென்று தெரியாமல் மனுஷன் எப்படிக் கண்ணை மூடுவான்? ஒரு மத்தியானம் மகள் அயர்ந்த நேரம் பார்த்து, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்க் கடித்தார். மேல்பூச்சு உடைந்ததும் கசப்பு தொண்டைவரை இறங்கியது. வேப்பெண்ணெய் தோற்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, கசப்பினால் மட்டுமல்ல.

"சாரதா! மருந்துதான்டி! நம்ம பொண்ணுக்கு விழுந்தது அசல்!"

பெண்டாட்டியோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்தது.

"இன்னாண்ணா, கொழந்தைக்கு அசல் மருந்தாமே?" என்று பார்வதம்மா வந்து நின்றாள், வாங்க ஒன்றுமில்லாமலே.

"நாக்குல வச்சுப் பாத்தேம்மா."

"அப்பறம் இன்னா, சந்தேகமே வேணாம்!"

அந்த வாரம் மேகனா சுவரைப் பிடிக்காமல் தெருமுனை வரை நடந்தாள். "நடிப்பு நல்லாக்கீதா, அத்தே?" என்று பார்வதம்மாவைக் கேட்டுவிட்டும் வந்தாள். வேணுகோபால் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெல்லக்கட்டி கொடுத்தார்.

அடுத்த மாதம் மேகனாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, பெங்களூரில் ஹேமந்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ப்பாசம் விடல தம்பி நீ. கசப்புலயே தெரிஞ்சுபோச்சு."

"என்ன கசப்பு அங்கிள்?"

சொன்னார். ஹேமந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மேகனாவின் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டும் கசக்கும் அங்கிள். ருசியை வச்சுக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு வெறும் மாத்திரையிலயும் கசப்பு சேத்திருக்கோம்."

"பொய்யையும் கசப்பாவே செஞ்சீங்களா?" வேணுகோபாலுக்குக் குரல் இறங்கிவிட்டது. "சரி, வாயால சொல்ல வேணாம். நீ பாத்துட்டு லேசா தலைய மட்டும் ஆட்டு."

"எனக்கும் தெரியாது."

"இன்னாப்பா கூத்து இது! உன் ஆராய்ச்சிதானே?"

"என்னோடதுதான். டப்பா மேல நம்பர் மட்டும்தான் இருக்கும். முடியறவரைக்கும் நானும் பாக்கக் கூடாது. பாத்தா இத்தனை பேர் சாப்பிட்டது வீண்."

"என் கடைக்கு இப்படி ஒரு மூட்டை வந்தா, லாரியோட திருப்பி அனுப்பிடுவேன்."

"நானும் அனுப்பிடுவேன் அங்கிள். வேற லாரி இல்லையே."

ரயிலேறி ஊர் திரும்பினார்கள். வீட்டு வாசலில் மேகனா சுவரைப் பிடித்தாள். பார்வதம்மா ஜன்னலில்தான் இருந்தாள். என்ன தோன்றியதோ, உள்ளே போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மேகனா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ கடிச்சுப் பாத்தப்பறம் நான் நெஜமாவே நடந்தேன்பா."

"ஆமாம்மா. பாத்தேனே."

"அப்போ எதனால நடந்தேன்?"

சாரதா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லேன்பா" என்றாள் மேகனா. "அசல்னு சொல்லு. போதும்."

வேணுகோபால் வாயைத் திறந்தார். ஊரெல்லாம் சொன்ன சொல்தான். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார்.